ஐந்தாவது ஓட்டை

கை குலுக்கும் முன்பே பதவியைச் சொல்கிற ஆட்களை எனக்குப் பார்த்த கணமே பிடிக்காமல் போய்விடும். அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்த மனிதர், "துணைப் பொது மேலாளர்" என்றார். சொந்த வீட்டு வாசலில், ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு.

"உதவித் துப்பறிவாளர்" என்றேன் நானும், விட்டுக்கொடுக்காமல். "துப்பறியறது இவங்க. என் பெரியம்மா."

அவர் எங்களைத் தாண்டி லிஃப்டைப் பார்த்தார். உண்மையான துப்பறிவாளர் அடுத்த லிஃப்டில் வருவார் என்று நினைத்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை. ஐம்பத்தெட்டு வயது, தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. பெரியம்மா மட்டும்தான்.

பெரியம்மா இருபத்தாறு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் பார்க்கும் வேலையில் இருந்தவள். எரிந்த கடை, ஒழுகிய கூரை, இடிந்த சுவர். எது தானாக இடிந்தது, எதை இடித்தார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அதையே தனியாகச் செய்கிறாள். அவள் என் அம்மாவின் அக்கா என்பதால் எனக்கு இந்த வேலை கிடைத்தது. என் வாய் கொஞ்சம் நீளம் என்பதால் வேறு எந்த வேலையும் நிலைக்கவில்லை. கார் ஓட்டுவேன், குறிப்பு எடுப்பேன், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டு அடி வாங்குவேன்.

"ரெண்டு மாசத்துல நாலு ஓட்டை" என்றார் துணைப் பொது மேலாளர், இன்னொரு சாக்ஸைத் தேடிக்கொண்டே. "என் வீட்டுச் சுவத்துல. நாலு!"

மூன்றாவது மாடியில் நல்ல வீடு. அறைகளுக்கு நடுவே இருந்தது மட்டும் செங்கல் இல்லை, ஜிப்சம் போர்டு. இரண்டு பலகை, நடுவில் வெற்றிடம். மேலே சுவரை வழவழப்பாக்கும் வெள்ளைப் பட்டியைப் பூசி பெயிண்ட் அடித்துவிட்டால் சுவர் மாதிரியே விறைப்பாக நிற்கும். வெளியே பளபளப்பு, உள்ளே காற்று. வீட்டுக்கு ஏற்ற சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரு மேல சந்தேகம்?" என்று கேட்டாள் பெரியம்மா.

"சந்தேகமே இல்ல. அந்தப் பூச்சுக்காரன்தான். இவளுக்கு ஒரு ஆளைப் பார்த்து வேலைக்கு வைக்கத் தெரியாது." அவர் கை சமையலறைப் பக்கம் வீசியது. அங்கே நின்றிருந்த அவர் மனைவி தரையைப் பார்த்தாள். "எங்கேயோ இருந்து ஒருத்தனைப் பிடிச்சுட்டு வந்தா. ஒரு ஓட்டையை அடைக்க அவனுக்கு ஒரு வாரம். அவன் முடிச்சுட்டுப் போன ரெண்டாம் நாள் இன்னொரு இடத்துல ஓட்டை. திரும்ப அவனே வர்றான். இதுக்கு மேல என்ன வேணும்? வேலை வேணும்னு அவனே உடைக்கிறான்!"

"அப்ப போலீஸ்ல சொல்லிடலாமே" என்றேன்.

"ஆதாரம் இல்லாம என் லெவல்ல ஒருத்தன் போய் நிக்க முடியுமா? சாயங்காலம் ஆறரைக்கு வருவேன். எழுத்துல குடுங்க. நேரா ஸ்டேஷனுக்குப் போய் அவனை உள்ள தள்ளிடறேன். இந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் அதுதான் புரியும்."

இன்னொரு சாக்ஸ் கிடைத்தது. கிடைத்த இடம் அவர் மனைவியின் கை. அவள் அதை நீட்டினாள். அவர் அதை வாங்கிய விதம், கோட் மாட்டும் ஆணியில் இருந்து எடுப்பது மாதிரி இருந்தது.

அவர் லிஃப்டில் இறங்கியதும் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தட்ட ஆரம்பித்தாள். விரலை மடக்கி, மெதுவாக, ஒவ்வொரு அடியாக. போர்டு என்றால் டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்கும். ஓட்டையை அடைத்த இடத்தில் உள்ளே மரத்துண்டு வைத்து, அதில் புதுப் போர்டைத் திருகியிருப்பார்கள். அங்கே சத்தம் கனமாக இருக்கும். சாப்பாட்டு அறையில் வேலை நடந்துகொண்டிருந்த இடம் கண்ணுக்கே தெரிந்தது, பட்டி பூசி, வெள்ளையாக. மற்றவற்றைப் பெரியம்மா காதாலேயே பிடித்தாள். ஹாலில் ஒன்று. அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று. படுக்கையறையில் ஒன்று.

அப்புறம் குளியலறைக்குப் போகும் நடையில் நின்றாள். திரும்பத் தட்டினாள்.

"நாலுன்னு சொன்னாரு" என்றாள். "எனக்கு அஞ்சு கேக்குது."

தேநீர்க் கோப்பைகளோடு வந்த அந்தம்மா பாதி வழியில் நின்றாள். "அது... பழசு" என்றாள்.

"பெயிண்ட் பழசா தெரியலையேம்மா."

அந்தம்மா கோப்பைகளை நீட்டினாள். வெயில் காலத்தில் மணிக்கட்டு வரை முழுக்கைச் சட்டை. என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பணக்கார வீட்டு மிதப்பு என்று முடிவு கட்டினேன். வேலைக்காரன் எப்போது வருவான் என்பதைத் தவிர இவளுக்கு என்ன கவலை இருக்கப்போகிறது?

"பூச்சுக்காரரை எங்கே புடிச்சீங்க?" என்று கேட்டாள் பெரியம்மா.

"கீழ தெரு முனையில பெயிண்ட் கடை. அங்கதான் எல்லாரும் நிப்பாங்க. ஏழெட்டுப் பேர் வந்து பார்த்தாங்க. அதுல ஒருத்தரை வச்சுக்கிட்டேன். மத்தியானம்தான் வருவார்."

லிஃப்டில் இறங்கும்போது பெரியம்மா சொன்னாள்: "வேலைக்கு வச்ச ஆளை அப்புறம் பாக்கலாம்டா. முதல்ல வேண்டாம்னு சொல்லி அனுப்பின ஆளுங்களைப் பாக்கணும். வேலை கிடைக்காதவனுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்."

பெயிண்ட் கடை வாசலில் ஐந்தாறு பேர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கரணை, உப்புத்தாள், காய்ந்த பட்டி ஒட்டிய டப்பாக்கள். மூன்றாவது மாடி என்று நான் சொன்னதும் எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். அவர்களுக்குள் அவனுக்குப் பெயர் மின்னல். எந்த வேலையையும் இரண்டு நாளில் முடிப்பானாம். தலை படிய வாரி, சட்டைப் பையில் சீப்பு செருகி, தன்னைத்தானே மெச்சிக்கொள்கிற ஆள்.

"அந்த வீடா?" என்று உதட்டைப் பிதுக்கினான். "முதல் ஓட்டையை அடைச்சதே நான்தான் சார். ஐயாவே போன் பண்ணி அவசரமா வரச் சொன்னாரு. ரெண்டே நாள். அடைச்ச இடம் தெரியாது."

"நடையில இருக்கறதா?"

"அதேதான். அடுத்த ஓட்டைக்கு அம்மா ஆள் தேடுறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். வாசல்லயே நிக்க வச்சுக் கேக்கறாங்க, 'எத்தனை நாள் ஆகும்?' நான் ரெண்டு நாள்னேன். முகமே சுருங்கிப்போச்சு. 'ஞாயித்துக்கிழமையும் வருவீங்களா?'ங்கறாங்க. ஞாயிறு லீவும்மான்னேன். கதவைச் சாத்திட்டாங்க."

"மத்தவங்களுக்கும் இதே கேள்விதானா?"

பக்கெட் மேலிருந்த இன்னொருவர் சொன்னார்: "என்கிட்டயும் அதேதான். நாலு நாள்னேன். பத்தாதுன்னுட்டாங்க. கடைசியா ஒருத்தன் 'ஒரு வாரம் ஆகும்மா'ன்னான். அவனைப் புடிச்சுக்கிட்டாங்க. அவனுக்கும் கண்டிஷன் இருக்கு. ஒரு நாள்கூட வராம இருக்கக் கூடாதாம். பூசறதுக்கு ஒண்ணும் இல்லாட்டியும், காயுதான்னு பாக்கவாவது வந்துட்டுப் போகணுமாம்."

"பட்டி காயறதைப் பாக்க ஒரு ஆளா?" என்றேன். "பரவாயில்ல, எனக்கும் அந்த மாதிரி ஒரு உத்தியோகம் கிடைச்சா நல்லாருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மின்னல் மட்டும் எரிச்சலோடு துப்பினான். "அந்த ஆளை இப்ப நாங்க ஆமைன்னுதான் கூப்பிடறோம். ரெண்டு மாசமாத்தான் இந்தப் பேரு. அதுக்கு முன்னாடி என்னைவிட ஸ்பீடு அவன். அந்த வீட்டு வாசப்படி மிதிச்சதும் கையில சொரணை போயிடுச்சு. எங்க பேரும் சேர்ந்து கெடுது."

பெரியம்மா மின்னலின் பக்கெட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "முதல் ஓட்டை எப்படித் தம்பி இருந்துச்சு?"

"பெருசும்மா. கிண்ணம் மாதிரி உள்வாங்கி, சுத்தி வெடிச்சு. சுத்தியலால அடிச்சா சின்னதாப் பொத்துக்கிட்டுப் போயிடும். இது உருண்டையா ஏதோ மோதியிருக்கு. கதவு கைப்பிடி இடிச்சிடுச்சுன்னு ஐயா சொன்னாரு."

"அந்த இடத்துல இடிக்கற மாதிரி நடையில கதவே இல்லையே?"

அவன் சீப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பெரியம்மா என் பக்கம் திரும்பி, "டேய், எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா" என்றாள். என்னை அங்கிருந்து கிளப்புவதற்கு அவள் வைத்திருக்கும் பழைய வழி.

டீக்கடையிலிருந்து பார்த்தேன். மின்னல் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான். பெரியம்மா கேட்டாள். மறுபடி ஏதோ சொல்லித் தோளைக் குலுக்கினான். நான் டீயோடு திரும்பியபோது பெரியம்மா எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து, வந்த ஜோக்கை விழுங்கிவிட்டேன்.

காரில் ஏறியதும் என் கண்டுபிடிப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சிம்பிள் பெரியம்மா. மெதுவா செய்யற ஆள் வேணும், தினமும் வரணும், ஞாயித்துக்கிழமையும் வரணும். அவனும் அந்த வீட்டுக்குப் போனதும் ஆமையாயிட்டான். காதல்! புருஷன் ஆபீஸ், பொண்டாட்டி பூச்சுக்காரனோட..."

பின்னந்தலையில் ஒன்று விழுந்தது.

"உன் மண்டையும் ஜிப்சம் போர்டுதான்டா" என்றாள் பெரியம்மா. "காதலிக்கறவ புருஷன் வீட்ல இருக்கற ஞாயித்துக்கிழமையா பார்த்து அவனை வரச் சொல்லுவா?"

அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றாதது வெட்கமாகவும் இல்லை, அப்போது.

"வேலை முடியணும்னு நினைக்கறவங்க மெதுவான ஆளைத் தேட மாட்டாங்க" என்று அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சொன்னாள். "வேலை நடந்துக்கிட்டே இருக்கணும்னு நினைக்கறவங்கதான் தேடுவாங்க. வண்டியைத் திருப்பு. அங்க வந்து வாயைத் திறந்தே, கார்லயே போட்டுப் பூட்டிடுவேன்."

மூன்று மணிக்கு ஆமை வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான, கழுத்து நீண்ட மனிதர். சாப்பாட்டு அறைச் சுவரில் ஏற்கனவே வழவழப்பாக இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"உங்களைத்தான் உடைக்கறதா வீட்டுக்காரர் சொல்றாரு" என்றாள் பெரியம்மா.

"சொல்லட்டும்மா."

"இன்னிக்குச் சாயங்காலம் போலீசுக்குப் போறாராம்."

கை ஒரு நொடி நின்று, மறுபடி நகர்ந்தது. "போகட்டும்மா."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் ஓட்டையைப் பாக்க வந்தீங்களே, கீழ தூசி இருந்துச்சா?"

"இல்ல."

"மேல ஆணி இருக்கே, இந்த இடத்துல மாட்டியிருந்த போட்டோ?"

"கழட்டி மேசை மேல வச்சிருந்துச்சு. மேல துணி போட்டு."

"சுவத்தை உடைக்க வந்தவன் போட்டோவைக் கழட்டி வச்சு, துணி போட்டு மூடி, தூசியையும் கூட்டி அள்ளியிருக்கான்" என்றேன். "நல்ல வளர்ப்பு."

யாரும் சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் அந்தம்மா நின்றிருந்தாள்.

பெரியம்மா அவள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "சுத்தியலை எங்கம்மா வச்சிருக்கீங்க?"

அவள் ஆமையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் உள்ளே போனாள். இழுப்பறை திறந்தது. பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றிய சுத்தியலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். திருடியதைத் திருப்பித் தருவது மாதிரி இல்லை. ஓடி ஓடிக் களைத்தவர் உட்காருவது மாதிரி இருந்தது.

"நாலு நீங்க போட்டது" என்றாள் பெரியம்மா. "முதல்ல விழுந்தது நீங்க போட்டதில்ல. அதை அடைச்ச பையன் சொன்னான். உடைஞ்ச ஓரத்துல நீளமா நாலஞ்சு முடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். பிடுங்கிப் போட்டுட்டுப் பட்டி பூசினானாம். ஏன்டா யாரையும் கேக்கலன்னேன். 'நமக்கெதுக்கும்மா'ங்கறான்."

அந்தம்மாவின் கை தானாகத் தலையின் பின்பக்கம் போனது.

"ரிமோட் எங்கன்னு கேட்டார்" என்றாள். "தெரியலன்னேன். அவ்வளவுதான்."

நான் குறிப்புப் புத்தகத்தை மூடினேன்.

"எட்டு வருஷமா இப்படித்தான். சுவர் உடைஞ்சதுதான் அன்னிக்குப் புதுசு. ரெண்டு நாள்ல அவர் ஆபீஸ்காரங்க சாப்பிட வர்றதா இருந்துச்சு, அதான் அவரே அவசரமா ஆள் கூப்பிட்டார். அந்தப் பையன் வேலை செஞ்ச ரெண்டு நாளும் இவர் வேற மனுஷன். 'சாப்டியாம்மா'ன்னு கேட்டார். விருந்தாளிங்க வந்தா மட்டும் வர்ற குரல் அது. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. நாளைக்குக் காலையில வெளியாள் ஒருத்தர் வந்து என் மூஞ்சியைப் பாப்பார்னு தெரிஞ்சா, இவருக்குக் கை வராது." அவள் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினாள். மஞ்சளும் கறுப்புமாகப் பழைய விரல் தடங்கள். "அந்தப் பையன் போன மறுநாள் இது மாதிரி ஒண்ணு. அதுக்கு அடுத்த நாள் நானே சுவத்துல ஒண்ணு போட்டேன்."

"வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?"

"அண்ணன்கிட்ட சொன்னேன். பெரிய பதவியில இருக்கறவருக்கு டென்ஷன் இருக்கும், நீதான் அனுசரிச்சுப் போகணும்னான். கீழ் வீட்டம்மாவுக்கும் கேக்கும். அவங்க டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவாங்க."

எத்தனை நல்ல மனிதர்கள்! ஒருவன் முடியைப் பிடுங்கிப் போட்டுப் பூசினான், ஒருவன் அனுசரிக்கச் சொன்னான், ஒருத்தி டிவியைச் சத்தமாக வைத்தாள். நான் என்ன செய்தேன்? அவள் முழுக்கைச் சட்டையைப் பார்த்து மிதப்பு என்று பெயர் வைத்தேன்.

"நான் மருந்தாளுநர் படிப்பு படிச்சிருக்கேன்" என்று அவள் தொடர்ந்தாள். "வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. தங்க ரூமும் குடுக்கறாங்க. ஒண்ணாந்தேதி சேரணும். இன்னும் பதினோரு நாள். அதுவரைக்கும் தாக்குப் பிடிச்சாப் போதும்னு... இந்த வேலை நாளையோட முடியுது. அடுத்ததை எங்க போடறதுன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்." சட்டென்று ஆமையின் பக்கம் திரும்பினாள். "உங்க மேல பழியைப் போடுவார்னு சத்தியமா நினைக்கலண்ணா. நேத்துத்தான் தெரிஞ்சது. மன்னிச்சிடுங்க."

ஆமை உப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஓட்டைக்கெல்லாம் மூணு நாளே ஜாஸ்திம்மா" என்றார். "நான் என்ன அவ்வளவு மட்டமான வேலைக்காரனா?"

அவள் புரியாமல் பார்த்தாள்.

"முதல் தடவை ஒரு வாரம்னு சும்மாதான் சொன்னேன். கையில வேற வேலையும் இருந்துச்சு. அடுத்த ஓட்டைக்கு நான் வந்த அன்னிக்கு, கதவைத் திறந்த நீங்க வலது தோளைத் தூக்க முடியாம நின்னீங்க. முந்தின வாரம் நான் போகும்போது நல்லாத்தான் இருந்தீங்க. எனக்கும் தங்கச்சி இருக்கும்மா. அன்னிலேர்ந்து பகல்ல பூசினதைச் சாயங்காலம் நானே தேய்ச்சு எடுத்துட்டுப் போறேன். மறுநாள் திரும்பப் பூசறேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

"அப்ப யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "பூச்சுக்காரன் சொன்னா யார் தம்பி கேப்பா? அந்தம்மா மேல உனக்கென்ன அக்கறைன்னுதான் முதல்ல கேப்பாங்க."

மத்தியானம் காரில் நான் சொன்னது அதேதான். பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"பதினோரு நாளெல்லாம் வேண்டாம்" என்றாள் அவள், அந்தம்மாவின் தோளைத் தொட்டு. "இன்னிக்கே கிளம்பு கண்ணு. என் வீட்ல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. இவன் குறட்டை விடுவான், அது ஒண்ணுதான் கஷ்டம். சர்டிபிகேட், துணிமணி எல்லாம் எடுத்து வை. ஆனா அவர் வந்தப்புறம் போகலாம். ஒளிஞ்சு போக நீ ஒண்ணும் தப்பு பண்ணல."

"அவர் முன்னாடியா?" அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாங்க நாலு பேர் இருப்போம்."

நான் எண்ணிப் பார்த்தேன், மூன்று பேர்தான். நாலாவது ஆளுக்குப் பெரியம்மா போன் செய்தாள். ஆறு மணிக்கு மின்னல் வந்தான். தலை கலைந்திருந்தது, சீப்பைத் தேடவில்லை. பெரியம்மா எழுதி வைத்திருந்ததைப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டான். அந்தம்மாவை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வராததுதான் நியாயம்.

ஆறரைக்குச் சாவி திரும்பியது.

"என்ன, கூட்டம் போட்டிருக்கீங்க?" துணைப் பொது மேலாளர் பையை வைத்துவிட்டு ஆமையைப் பார்த்தார். "இவனை ஏன் இன்னும் உள்ள விட்டிருக்கீங்க? கண்டுபிடிச்சாச்சா?"

"ஆச்சு" என்றாள் பெரியம்மா. "நாலு ஓட்டையும் உங்க மனைவி போட்டது."

அவர் முகத்தில் ஒரு கணம் வெற்றி மின்னியது. "நீயா?" என்று அவள் பக்கம் வேகமாக இரண்டு எட்டு வைத்தார். அப்புறம்தான் அறையில் நாங்கள் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கால் நின்றது. தோள் இறங்கியது. குரல் தேனாக மாறியது.

"ஏம்மா, ஏதாவது மனக்கஷ்டம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

விருந்தாளிகளுக்கான குரல். அதைக் கேட்ட பிறகு எனக்கு இன்னொரு சாட்சி தேவைப்படவில்லை. நிறைய திருடர்களைப் பார்த்திருக்கிறேன், மோசடிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்து அன்பு காட்டுகிற பிராணியை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"எழுத்துல கேட்டீங்களே" என்று பெரியம்மா காகிதத்தைக் காட்டினாள். "இதுல அஞ்சு ஓட்டை இருக்கு."

"நாலுதான்."

"காலையிலயும் நாலுன்னுதான் சொன்னீங்க. நீங்களே போன் பண்ணி ஆள் கூப்பிட்டு அடைச்சதை விட்டுட்டீங்க. உங்க கணக்குல அது சேதமே இல்ல போலிருக்கு."

"அது கதவு கைப்பிடி பட்டு..."

"கைப்பிடியில முடி முளைச்சிருந்துச்சா?" என்றேன்.

"நான்தான்யா அதைப் பிடுங்கிப் போட்டேன்" என்றான் மின்னல். "கையெழுத்துப் போட்டிருக்கேன்."

பெரியம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். "நாலு ஓட்டைக்கு உங்க மனைவி எடுத்தது சுத்தியல். முதல் ஓட்டைக்கு நீங்க எடுத்தது அவ தலை."

அவர் வாய் திறந்தது. பொய் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"மெதுவாப் பேசுங்க" என்றார். "பக்கத்து வீட்ல கேக்கும்."

அவ்வளவுதான் அந்த மனிதர். எட்டு வருடத்துக்குப் பதில், மெதுவாகப் பேசுங்கள்.

"போலீசுக்குப் போகணும்னீங்களே?" என்றாள் பெரியம்மா. "நாங்க அங்கதான் போறோம். வர்றதுன்னா உங்க வண்டியில வாங்க."

அந்தம்மா உள்ளே இருந்து பெட்டியோடு வந்தாள். சின்னப் பெட்டிதான். அவர் வாசலை மறித்து நின்றார். "யோசிச்சுப் பாரு. எங்க போவே? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

அவள் நின்றுவிட்டாள். நான் நகர்வதற்குள் ஆமை நகர்ந்தார். ஈரப் பட்டி தளும்பும் பக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நேராக வாசலுக்கு நடந்தார். "கொஞ்சம் தள்ளுங்க சார். மேல பட்டுடும்."

துணைப் பொது மேலாளர் தன் பேன்ட்டைப் பார்த்தார். பக்கெட்டைப் பார்த்தார். சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒருத்தியை எட்டு வருடம் மிரட்டி வைத்திருந்த வீரம், ஒரு பக்கெட் பட்டிக்கு வழிவிட்டது.

அந்த வழியாக அவள் வெளியே போனாள். பின்னால் பெரியம்மா, நான், கடைசியாக மின்னல். கீழ் வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து, எங்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

காரில் அவள் பின் சீட்டில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காவல் நிலையம் பத்து நிமிடத் தூரம். அங்கே என்ன கேட்பார்கள், யார் எழுதிக்கொள்வார்கள், மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்று பெரியம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு தெரு தாண்டியதும் பின்னால் பேச்சு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன்.

அவள் தூங்கிவிட்டிருந்தாள். தலை பெரியம்மாவின் தோளில் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தைகள் தூங்குவது மாதிரி. சிக்னலில் பின்னால் இருந்த லாரி காதைப் பிளக்கும்படி ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை.

காவல் நிலைய வாசலில் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைக்கப்போனேன்.

"அணைக்காதே" என்றாள் பெரியம்மா, உதடு அசையாமல். "ஸ்டேஷன் எங்கேயும் ஓடிப்போயிடாது. ஒரு சுத்து சுத்திட்டு வா."

"எவ்வளவு நேரம்?"

"அவளா முழிக்கற வரைக்கும்."

நான் கியரைப் போட்டேன். பள்ளம் மேடு பார்த்து, மெதுவாக ஓட்டினேன்.